ரிமூவ்_2 யாரைக் குறித்தது? ஏபிஐ செயல்களின் பெயர்கள் இடம் மாறிய ஒரு நிகழ்வு ஆய்வு

இது ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் உள்பயன்பாட்டு மென்பொருளில் நடந்தது. அதை எழுதிப் பராமரித்த ஐந்து பேர் குழுவில் நானும் ஒருவன், பேக்கெண்ட் பக்கம், அதாவது சர்வரில் ஓடும் நிரல். நிறுவனத்தின் பெயரையோ ஆட்களின் பெயரையோ நான் சொல்லப்போவதில்லை. ஒரு புதன்கிழமை காலை, விடுமுறைப் பட்டியலில் தவறான தேதி ஒன்றை அழிக்கப் போன கிளை மேலாளர், தனக்கே தெரியாமல் ஒரு டிரைவரின் பதிவை அழித்துவிட்டார். அவர் அழுத்தியது சரியான பொத்தான்தான். ஏபிஐ என்பது திரை சர்வரிடம் வேலை கேட்கும் வழி. அதன் வரையறையில் ஒரு செயலுக்கு இருந்த பெயர் முந்தின நாள் மாலை வேறொரு செயலுக்குப் போய்விட்டிருந்தது.

பின்னணி

பேக்கெண்ட் ஜாவாவில், ஸ்பிரிங் பூட் என்ற கட்டமைப்பைக் கொண்டு எழுதியது. ஏபிஐயில் என்னென்ன செயல்கள், எந்த யூஆர்எல்லில் என்று விவரிக்கும் ஓப்பன்ஏபிஐ வரையறையை நாங்கள் கையால் எழுதவில்லை. நிரலைப் படித்து வரையறையைத் தானாக உருவாக்கித் தரும் ஒரு திறமூல நூலகம் அந்த வேலையைச் செய்தது. அப்போது மொத்தம் 74 செயல்கள் இருந்தன.

ஒவ்வொரு செயலுக்கும் வரையறையில் ஆபரேஷன்ஐடி என்று ஒரு புலம் உண்டு. ஓப்பன்ஏபிஐக்கு முன்பு ஸ்வாகர் என்று பெயர். பழைய ஸ்வாகர் 1.2-இல் இந்தப் புலத்துக்கு நிக்நேம் என்று பெயர். 2014-இல் வந்த ஸ்வாகர் 2.0-தான் ஆபரேஷன்ஐடி என்று மாற்றியது. 2017-இல் வந்த ஓப்பன்ஏபிஐ 3.0 சொல்வது இதுதான்: இந்தப் பெயர் அந்த ஏபிஐயின் எல்லாச் செயல்களுக்குள்ளும் தனித்ததாக இருக்க வேண்டும், பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறாகக் கொள்ளப்படும், நிரல்மொழிகளின் பெயரிடும் வழக்கத்தைப் பின்பற்றுவது நல்லது. ஆனால் புலம் கட்டாயமில்லை, எழுதாமலும் விடலாம். நாங்கள் விட்டிருந்தோம். எழுதாத இடத்தில் எங்கள் நூலகம் ஜாவா மெத்தடின் (அந்தச் செயலைச் செய்யும் நிரல்துண்டின்) பெயரையே எடுத்துக்கொள்ளும். அதே பெயர் ஏற்கெனவே இருந்தால் வாலில் _1, _2 என்று எண் சேர்த்துக்கொள்ளும்.

பட்டியல் காட்டுவது, புதிதாகச் சேர்ப்பது போன்ற மெத்தடுகளுக்கு ஆரம்பத்திலேயே தனித்தனிப் பெயர் வைத்திருந்தோம். அழிக்கும் வசதி பிறகு வந்தது. ஒரே வாரத்தில், ஒரே ஆள், ஐந்து கன்ட்ரோலர்களிலும் (ஒரு பொருளுக்கான செயல்களை வைத்திருக்கும் நிரல்கோப்புகள்) ஒரே வடிவத்தில் ரிமூவ் என்ற மெத்தடைச் சேர்த்தார். ஒவ்வொரு கோப்பையும் தனியாகப் பார்த்தால் அது நல்ல பெயர்தான். டிரைவர் கன்ட்ரோலருக்குள் ரிமூவ் என்றால் டிரைவரை நீக்குவது என்று யாருக்கும் புரியும். வரையறைக் கோப்புக்குள் போனபோது அது இப்படி ஆனது:

ரிமூவ் – கிளை
ரிமூவ்_1 – டிரைவர்
ரிமூவ்_2 – விடுமுறை
ரிமூவ்_3 – கட்டண விதி
ரிமூவ்_4 – வண்டி

நிரலைத் தொகுத்து ஓடத் தயாராக்கும் எங்கள் பில்டில் கன்ட்ரோலர் கோப்புகளின் ஆங்கில அகரவரிசைப்படியே இந்த எண்கள் விழுந்தன. பிராஞ்ச், டிரைவர், ஹாலிடே, ரேட், வெஹிக்கிள். அந்த வரிசைக்கு வேறு எந்தப் பொருளும் கிடையாது.

ஃபிரண்ட்எண்டில், அதாவது உலாவியில் ஓடும் திரைப் பகுதியில், இருந்த ஏற்பாட்டையும் சொல்ல வேண்டும், பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது. அவர்கள் பயன்படுத்திய நூலகம், பக்கம் திறக்கும்போது சர்வரிலிருந்து வரையறையை அந்த நேரத்திலேயே வாங்கி, ஒவ்வொரு ஆபரேஷன்ஐடியையும் ஒரு ஃபங்ஷனாக மாற்றித் தரும். விடுமுறைத் திரையின் நிரலில் 'ரிமூவ்_2-ஐ இந்த எண்ணோடு கூப்பிடு' என்று ஒரு வரி இருந்தது. எந்த யூஆர்எல் என்பது அந்த நிரலில் எங்குமே இல்லை. வரையறை என்ன சொல்கிறதோ அங்கே போகும். யூஆர்எல் மாறினாலும் ஃபிரண்ட்எண்டைத் தொட வேண்டாம் என்பது இதன் வசதி. அந்த வசதிக்காகவே தேர்ந்தெடுத்தோம், இரண்டு வருடம் நன்றாகவே வேலை செய்தது.

செவ்வாய் மாலை

வாடிக்கையாளர் விவரங்களுக்கென்று புதிய கன்ட்ரோலர் ஒன்று தயாரானது. கோப்பின் பெயர் கஸ்டமர் கன்ட்ரோலர். அதிலும் வழக்கம்போல ரிமூவ். சோதனைச் சர்வரில் எல்லாத் தானியங்கிச் சோதனைகளும் தேறின. மாலை 7:10-க்கு நேரடிச் சர்வரில் ஏற்றினோம். ஃபிரண்ட்எண்டில் அன்றைக்கு ஒரு வரிகூட மாறவில்லை.

ஆங்கிலத்தில் பி-க்கும் டி-க்கும் நடுவே சி. கஸ்டமர் வந்து டிரைவருக்கு முன்னால் உட்கார்ந்தது. ரிமூவ்_1 வாடிக்கையாளரானது, ரிமூவ்_2 டிரைவரானது, ரிமூவ்_3 விடுமுறையானது, ரிமூவ்_4 கட்டண விதியானது. வண்டிக்கு ரிமூவ்_5 என்று புதிய பெயர் கிடைத்தது. கிளை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்தக் காலை

9:40-க்கு ஒரு கிளை மேலாளர் சப்போர்ட்டுக்குப் போன் செய்தார். ஆடிப்பெருக்கு உள்ளூர் விடுமுறையை ஆகஸ்ட் 2 என்று தவறாகப் போட்டுவிட்டார்கள், அதை எடுத்துவிட்டு 3 என்று போட வேண்டும். "ஏம்மா, தப்பான தேதியை அழிக்கறேன், லிஸ்ட்ல அப்படியே நிக்குது. மறுபடி அழுத்தினா அப்படி ஒரு பதிவே இல்லைன்னு எர்ரர் வருது." சப்போர்ட்டில் இருந்த பெண், "பேஜை ஒரு தடவை ரெஃப்ரெஷ் பண்ணிப் பாருங்க சார்" என்றார். ரெஃப்ரெஷ் செய்தும் அதே கதைதான்.

10:15-க்கு இன்னொரு கிளையிலிருந்து ஒரு டிரைவரே பேசினார். "நேத்து ராத்திரி வரைக்கும் என் பேரு இருந்துச்சு மேடம். இப்ப டிரிப் ஷீட் போடப் போனா அப்படி ஆளே இல்லைங்கறாங்க." லோடு ஏற்றிய வண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தது. டிரிப் ஷீட் இல்லாமல் வண்டியை எடுக்க முடியாது. வேறொரு டிரைவரை வரவழைத்து அனுப்பினார்கள்.

11:30-க்கு பில்லிங் பிரிவிலிருந்து மூன்றாவது போன். ஒரு வழித்தடத்துக்குக் கட்டண விதி இல்லை என்று பில் நின்றுவிட்டது.

மூன்றும் மூன்று டிக்கெட்டுகளாக, மூன்று பேர் கைக்குப் போயின. விடுமுறை டிக்கெட் என்னிடம் வந்தது. பட்டியல் பழைய கேஷிலிருந்து (தற்காலிகச் சேமிப்பிலிருந்து) வருகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். கேஷைத் துடைத்தேன், பயனில்லை. பக்கத்தில் இருந்த ஃபிரண்ட்எண்ட் தோழர் தன் கணினியில் ஒரு சோதனை விடுமுறையைச் சேர்த்து, அழித்துப் பார்த்தார். ஒழுங்காக அழிந்தது. "என்கிட்ட அழியுதே" என்றார். மேலாளரின் இணைப்பில்தான் ஏதோ கோளாறு என்று இருவரும் முடிவுக்கு வந்தோம். அந்த எண்ணத்திலேயே சுமார் நாற்பது நிமிடம் போனது.

அவரிடம் அழிந்ததற்குக் காரணம் பின்னால்தான் புரிந்தது. அவர் உலாவியில் அந்தத் தாவலைத் திங்கட்கிழமை திறந்து, மூடாமலே வைத்திருந்தார். அதன் நினைவில் பழைய வரையறைதான் இருந்தது. செவ்வாய் மாலைக்குப் பிறகு திறந்த தாவல்கள் மட்டுமே புதிய வரையறையை வாங்கியிருந்தன. ஒரே கிளையில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில், ஒருவருக்குச் சரியாகவும் இன்னொருவருக்குத் தவறாகவும் நடந்தது இதனால்தான்.

காரணம் தெரிந்தது

12:10-க்கு, எல்லா வேண்டுகோள்களும் கடந்துபோகும் கேட்வேயின் பதிவேட்டைத் திறந்து, மேலாளர் அழுத்திய நேரத்துக்கு நேரான வரியைத் தேடினேன். நான் எதிர்பார்த்தது டெலீட், /ஹாலிடேஸ்/41. அங்கே இருந்தது டெலீட், /டிரைவர்ஸ்/41, பதில் 204, அதாவது வேலை முடிந்தது. நாற்பது வினாடி கழித்து அதே யூஆர்எல், பதில் 404, அதாவது அப்படி ஒரு பதிவு இல்லை. அவர் இரண்டாவது முறை அழுத்தியது அது.

வேறு திரையிலிருந்து தவறான எண் வந்ததா என்று பார்த்தேன். எண் சரி. 41 அந்த விடுமுறையின் எண்தான். டிரைவர் அட்டவணையிலும் 41 என்று ஒருவர் இருந்தார், ஏனென்றால் எங்கள் எல்லா அட்டவணைகளும் 1-இலிருந்து எண்ணத் தொடங்கியவை. 10:15-க்குப் பேசியவர் அவர்தான்.

பிறகு இரண்டு பதிப்பு வரையறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஐந்து நிமிடத்தில் விஷயம் தெளிவானது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். ஆபரேஷன்ஐடி தனித்திருக்க வேண்டும் என்ற விதியை நாங்கள் ஒரு கணம்கூட மீறவில்லை. செவ்வாய் மதியம் இருந்த வரையறையில் எல்லாப் பெயர்களும் தனித்தவை. செவ்வாய் இரவு இருந்ததிலும் அப்படியே. விதிமீறலைத் தேடும் கருவியான லிண்டர் எதை ஓட்டியிருந்தாலும் இரண்டையும் சரி என்றே சொல்லியிருக்கும். விதி ஒரு ஆவணத்துக்குள் மட்டும் பார்க்கிறது. நேற்றைய ஆவணத்தில் ஒருவருக்கு இருந்த பெயர் இன்றைய ஆவணத்தில் வேறொருவருக்குப் போகக் கூடாது என்பதை அது கேட்பதில்லை. அதை நாங்களாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

ஒரே தெருவில் மூன்று முருகன் இருந்தால் நாம் முருகன் 1, முருகன் 2 என்று எண்ணுவதில்லை. டெய்லர் முருகன், மாடி வீட்டு முருகன், பால்கார முருகன் என்கிறோம். நான்காவதாக ஒரு முருகன் குடிவந்தாலும் டெய்லர் முருகன் டெய்லர் முருகனாகவே இருப்பார். வாலில் எண் ஒட்டும் முறையில் புதிதாகக் குடிவந்தவர் எல்லோருடைய பெயரையும் ஒரு வீடு தள்ளிவிடுகிறார்.

உடனடி முடிவுகள்

முதலில் தோன்றியது, பேக்கெண்டைப் பழைய பதிப்புக்குத் திருப்புவது. தோழர்களில் ஒருவர் உடனே தடுத்தார். திருப்பினால் வரையறை பழையதாகும், உண்மைதான். ஆனால் காலையிலிருந்து திறந்த தாவல்கள் எல்லாம் புதிய பொருத்தத்தை நினைவில் வைத்திருக்கின்றன. டிரைவரை அழிக்கும் யூஆர்எல் பழைய பதிப்பிலும் உயிரோடுதான் இருக்கிறது. சர்வரைத் திருப்பிய பிறகும் அந்தத் தாவல்கள் தவறானதையே அழித்துக்கொண்டிருக்கும்.

ஆகவே வரிசையை மாற்றினோம். 12:25-க்கு கேட்வேயில் டெலீட் வேண்டுகோள்கள் அனைத்தையும் நிறுத்தினோம், எந்தத் திரையிலிருந்து வந்தாலும். அரை நாள் யாராலும் எதையும் அழிக்க முடியாது, அதனால் பெரிய நஷ்டம் இல்லை. அதன்பின் பேக்கெண்டைத் திருப்பினோம். அப்புறம் ஒவ்வொரு கிளைக்கும் போன் செய்து, உலாவியை முழுவதுமாக மூடித் திறக்கச் சொன்னோம். செய்தி அனுப்பினால் போதும் என்று ஒரு யோசனை வந்தது. போன்தான் என்று சப்போர்ட் பெண் பிடிவாதமாக நின்றார். அவர் சொன்னதே சரி. இரண்டு கிளைகளில் அப்போதுதான் அழிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

தரவைச் சரிசெய்தது

எது தவறாக அழிந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அழித்தவர்களைக் கேட்டால், தாங்கள் அழித்தது விடுமுறை என்றுதான் சொல்வார்கள்.

கேட்வே பதிவேட்டில் ரெஃபரர் புலம் இருந்தது. எங்கள் ஃபிரண்ட்எண்டும் ஏபிஐயும் ஒரே டொமைனில் இருந்ததால், எந்தத் திரையிலிருந்து வேண்டுகோள் புறப்பட்டது என்ற முழுப் பாதையும் அதில் பதிவாகியிருந்தது. டொமைன் வேறாக இருந்திருந்தால் இன்றைய உலாவிகள் வழக்கமாக டொமைனை மட்டுமே அனுப்பும், பாதை வராது. திரையின் பாதையையும் டெலீட் போன பாதையையும் ஒப்பிட்டோம். இரண்டும் பொருந்தாத வரிகள்தான் தவறானவை.

செவ்வாய் 7:10-இலிருந்து புதன் 12:25 வரை 14 டெலீட் வேண்டுகோள்கள். அவற்றில் 5 சரியான இடத்துக்கே போயிருந்தன, பழைய தாவல்களிலிருந்து. மீதி 9 தவறானவை. அந்த ஒன்பதில் 4-க்கு அங்கே அப்படி ஒரு பதிவே இல்லாததால் 404 பதில் போயிருந்தது. உண்மையில் அழிந்தவை 5: மூன்று டிரைவர்கள், ஒரு விடுமுறை, ஒரு கட்டண விதி.

டிரைவர் அட்டவணையில் பதிவு நிஜமாக நீங்குவதில்லை, நீக்கப்பட்டது என்று ஒரு குறி மட்டும் விழும். அந்தக் குறியை எடுத்தோம், மூவரும் திரும்பி வந்தார்கள். அழிந்த விடுமுறை ஆயுத பூஜை. அதற்கு இன்னும் இரண்டு மாதம் இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. பதிவேட்டைப் பார்க்காமல் விட்டிருந்தால் அந்த நாளில்தான் தெரியவந்திருக்கும். அதையும் கட்டண விதியையும் இரவுக் காப்புநகலிலிருந்து அதே எண்ணோடு திரும்பச் சேர்த்தோம்.

மூன்று டிரைவர்களில் வேலை போனது ஒருவருக்கு மட்டும், 10:15-க்குப் பேசியவருக்கு. அந்த நாளின் பேட்டாவை அவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று நிறுவனத்திடம் எழுதிக் கேட்டோம். கொடுத்தார்கள். எங்கள் மேலாளர் அவருக்குப் போன் செய்து, தவறு மென்பொருளில்தான், உங்கள் பெயரை யாரும் வேண்டுமென்று எடுக்கவில்லை என்று சொன்னார். அவர் காலையிலிருந்து அதைத்தான் நினைத்துக் கவலைப்பட்டிருக்கிறார்.

பெயரிடும் முறையைத் தேர்ந்தது

அடுத்த இரண்டு நாள் இதைப் பற்றித்தான் பேச்சு. மூன்று வழிகள் மேசைக்கு வந்தன.

ஒன்று, யூஆர்எல் பாதையிலிருந்தும் போஸ்ட், டெலீட் போன்ற எச்டிடிபி வினையிலிருந்தும் பெயரைத் தானாக உருவாக்குவது. பைத்தானில் ஏபிஐ எழுத உதவும் ஃபாஸ்ட்ஏபிஐ, ஃபங்ஷன் பெயரோடு பாதையையும் வினையையும் ஒட்டித்தான் இயல்பாகப் பெயர் தருகிறது. பணம் செலுத்தும் சேவையான ஸ்டிரைப் வெளியிடும் வரையறையிலும் போஸ்ட்கஸ்டமர்ஸ் என்பதுபோல வினையும் பாதையும் சேர்ந்த பெயர்கள்தான் இருக்கின்றன. பாதையும் வினையும் சேர்ந்தது ஒரு வரையறைக்குள் ஏற்கெனவே தனித்தது என்பதால் மோதல் வராது. யார் புதிதாக வந்தாலும் மற்றவர்களின் பெயர் நகராது. எங்கள் விபத்தைத் தடுக்க இதுவே போதுமானதாக இருந்திருக்கும்.

இரண்டாவது, கன்ட்ரோலர் பெயரையும் மெத்தட் பெயரையும் தானாகச் சேர்ப்பது. செய்ய மிக எளிது, ஒரு அமைப்பு வரி போதும். எனக்கு முதலில் பிடித்தது இதுதான். ஆனால் ஜாவா மெத்தடின் பெயர் எங்கள் உள்வீட்டு விஷயம். யாராவது நிரலைச் சீர்படுத்தும்போது மெத்தடின் பெயரை மாற்றுவார்கள், மாற்றத்தான் வேண்டும். அப்போது வெளியே இருப்பவர்கள் நம்பியிருக்கும் பெயரும் கூடவே மாறிவிடும், மாற்றியவருக்கே தெரியாமல்.

மூன்றாவது, ஒவ்வொரு செயலுக்கும் கையால் பெயர் எழுதுவது. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் வெளியிடும் வரையறையில் இஷ்யூஸ்/லிஸ்ட்-ஃபார்-ரெப்போ என்பதுபோல, எந்தப் பகுதி, என்ன செயல் என்று யோசித்து வைத்த பெயர்களைப் பார்க்கலாம். அவர்களின் ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் மெத்தட் பெயர்கள் இவற்றிலிருந்தே பிறக்கின்றன. வரையறையிலிருந்து கிளையண்ட் நிரலை (ஏபிஐயைக் கூப்பிடும் நிரலை) எழுதும் மைக்ரோசாஃப்டின் ஆட்டோரெஸ்ட் கருவி, பெயரின் நடுவில் அடிக்கோடு இருந்தால் முன்பாதியைக் குழுவின் பெயராகவும் பின்பாதியைச் செயலாகவும் பிரித்துக்கொள்ளும்.

நாங்கள் மூன்றாவதை எடுத்தோம். 74 பெயர்கள் எழுதுவது ஒரு நாள் வேலை. டெலீட்ஹாலிடே, டெலீட்டிரைவர், லிஸ்ட்ரேட்ஸ் என்று முதலில் வினை, பிறகு பொருள். எழுதுகிற ஆள் ஒரு நிமிடம் நின்று, 'இதை வெளியே இருப்பவர் என்னவென்று கூப்பிடுவார்?' என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த ஒரு நிமிடம் ரிமூவ் எழுதியபோது யாருக்கும் வாய்க்கவில்லை. இந்தக் கேள்வி ஓப்பன்ஏபிஐயோடு பிறந்ததும் அல்ல. முந்தைய வலைச்சேவை முறையான சோப் காலத்தில், அதன் வரையறை மொழியான டபிள்யூஎஸ்டிஎல் 1.1 ஒரே பெயரில் இரண்டு செயல்களை ஒரே இடத்தில் வைக்க விட்டது. வெவ்வேறு கருவிகள் ஒத்துப்போக வேண்டும் என்று பின்னால் வந்த டபிள்யூஎஸ்-ஐ அடிப்படை நெறி அதைத் தடைசெய்தது. பெயரைப் பார்த்துக் கிளையண்ட் நிரல் எழுதும் எந்தக் கருவிக்கும் இது தேவைப்படுகிறது.

கூடவே சில விதிகள் வைத்தோம். பெயரில் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும். அடிக்கோடும் எண்ணும் வாலில் வந்தால் பில்ட் நிற்கும். தனித்தன்மையைச் சோதிக்கும்போது எழுத்தின் பெரிது சிறிதைப் பார்க்காமல் ஒப்பிட வேண்டும். வரையறை நெறி இரண்டையும் வேறாகக் கொள்கிறது என்பது தெரிந்தேதான் இதைக் கடுமையாக்கினோம். சில கருவிகள் ஒரு செயலுக்கு ஒரு கோப்பு என்று எழுதும். விண்டோஸிலும் மேக்கிலும் இயல்பான கோப்பு அமைப்பில் பெரிய எழுத்தில் ஒரு கோப்பும் சிறிய எழுத்தில் ஒரு கோப்பும் பக்கத்தில் இருக்க முடியாது, ஒன்று இன்னொன்றின் மேல் எழுதிவிடும்.

மாற்றியது எப்படி

ஒரு செயலுக்கு இரண்டு ஆபரேஷன்ஐடி கொடுக்க வழியில்லை. பழைய பெயரும் புதிய பெயரும் கொஞ்ச நாள் சேர்ந்து இருக்கட்டும் என்று சொல்ல முடியாது. அதனால் முதல் வேலையாக, ஃபிரண்ட்எண்ட் வரையறையை சர்வரிலிருந்து வாங்குவதை நிறுத்தினோம். வரையறையின் ஒரு நகல் ஃபிரண்ட்எண்டின் பில்டுக்குள்ளேயே போனது. இனி பேக்கெண்ட் எதை ஏற்றினாலும், ஃபிரண்ட்எண்ட் தானாக நகராது. நகலைப் புதுப்பிக்க ஒருவர் வேண்டுமென்றே ஒரு மாற்றம் போட வேண்டும், இன்னொருவர் அதைப் பார்க்க வேண்டும். யூஆர்எல் மாறினால் ஃபிரண்ட்எண்டைத் தொட வேண்டாம் என்ற பழைய வசதி போய்விட்டது. அந்த வசதி இரண்டு வருடத்தில் எத்தனை முறை உதவியது என்று தேடிப் பார்த்தோம். ஒருமுறைகூட இல்லை.

அப்புறம் புதிய பெயர்களை வரையறையில் போட்டு, ஒவ்வொரு செயலிலும் எக்ஸ்- என்று தொடங்கும் கூடுதல் புலம் ஒன்றில் பழைய பெயரையும் எழுதி வைத்தோம். எக்ஸ்- என்று தொடங்கினால் எந்தப் புலத்தையும் சேர்க்கலாம், ஓப்பன்ஏபிஐ அதை அனுமதிக்கிறது. அந்தப் புலத்தைப் படித்து ஃபிரண்ட்எண்டில் பெயர்களை மாற்றும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினோம். ஒரு மதியத்தில் முடிந்தது. அதன் பிறகே கஸ்டமர் கன்ட்ரோலர் மறுபடி ஏறியது.

சிஐயில், அதாவது ஒவ்வொரு நிரல் மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் ஏற்பாட்டில், இரண்டு சோதனைகள் சேர்ந்தன. முதலாவது ஸ்பெக்ட்ரல் லிண்டர், எல்லாச் செயலுக்கும் பெயர் இருக்கிறதா, மேலே சொன்ன விதிகளுக்குள் இருக்கிறதா என்று பார்க்க. இரண்டாவது நாங்களே எழுதியது, நாற்பது வரிகூட இருக்காது. கடைசியாக நேரடிச் சர்வரில் ஏறிய வரையறையை எடுத்து, 'பெயர், வினை, பாதை' என்று ஒரு பட்டியல் போடும். புதியதிலும் அப்படியே போட்டு ஒப்பிடும். ஒரு பெயர் வேறு பாதையையோ வேறு வினையையோ காட்டினால் பில்ட் நிற்கும். ஒரு பெயர் காணாமல் போனாலும் நிற்கும், யாராவது காரணம் எழுதி அனுமதித்தால் மட்டும் போகும். அன்று நம்மைக் காப்பாற்றியிருக்கக் கூடியது இந்த இரண்டாவதுதான்.

சோதனைகள் ஏன் தேறின

இதை எழுத மனம் வருந்துகிறது, ஆனாலும் எழுத வேண்டும். விடுமுறைத் திரையில் ஒன்றை அழிக்கும் தானியங்கிச் சோதனை எங்களிடம் இருந்தது. அது 1 என்ற எண்ணை அழித்து, 204 வந்ததா என்று மட்டும் பார்த்தது. சோதனைத் தரவில் எல்லா அட்டவணையிலும் 1 இருந்தது. டிரைவர் 1 அழிந்தார், 204 வந்தது, சோதனை பச்சை. கஸ்டமர் கன்ட்ரோலர் சேர்ந்த முதல் நாளிலிருந்தே சோதனைச் சர்வரில் இது நடந்துகொண்டிருந்தது.

இப்போது சோதனைத் தரவில் அட்டவணைக்கு ஓர் எண் வரிசை. டிரைவர்கள் 1000-இலிருந்து, விடுமுறைகள் 2000-இலிருந்து, இப்படி. தவறான இடத்துக்குப் போனால் 404 வரும், சோதனை விழும். அழித்த பிறகு பட்டியலை மறுபடி வாங்கி, அது போய்விட்டதா என்றும் பார்க்கிறோம். நேரடிச் சர்வரில் எண்களுக்குப் பதில் யூயூஐடி (வேறெங்கும் மறுபடி வராத நீண்ட அடையாளம்) வைத்திருந்தால் அன்று ஒன்றுகூட அழிந்திருக்காது, ஒன்பதும் 404 ஆகியிருக்கும். பழைய அட்டவணைகளை மாற்றுவது பெரிய வேலை என்பதால் அதைச் செய்யவில்லை. புதிய அட்டவணைகள் யூயூஐடியோடு பிறக்கின்றன.

பிறகு நடந்தவை

மூன்று வாரம் கழித்து வாலில் எண் வரக்கூடாது என்ற விதி முதல்முறை பில்டை நிறுத்தியது. ஒருவர் ஒரு செயலை நகலெடுத்து ஒட்டி, உள்ளே திருத்தி, அப்டேட்டிரைவர் என்று கையால் எழுதிய பெயரை மாற்ற மறந்துவிட்டார். எங்கள் நூலகம் கையால் எழுதிய பெயர் மோதினாலும் சத்தமில்லாமல் _1 சேர்க்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. தனித்தன்மையை மட்டும் பார்க்கும் விதியாக இருந்திருந்தால் அது தேறியிருக்கும்.

இன்னொன்று, இரண்டு சேவைகளின் வரையறைகளை ஒன்றாக்கி ஒரே ஆவணமாகக் கொடுக்க வேண்டி வந்தபோது. இரண்டிலும் கெட்ஸ்டேட்டஸ் இருந்தது. தனித்தனியே சரி, சேர்ந்தால் மோதல். பில்லிங்கெட்ஸ்டேட்டஸ் என்று சேவையின் பெயரை முன்னால் சேர்க்கலாமா என்று பேசி, வேண்டாம் என்று விட்டோம். கெட்பில்லிங்ஸ்டேட்டஸ் என்று, செயலின் பொருளையே சரியாகச் சொல்லும் பெயரை வைத்தோம். இணைத்த ஆவணத்தின் மேலும் அதே இரண்டு சோதனைகளும் இப்போது ஓடுகின்றன.

மறுபடி செய்வதானால்

வரையறையை ஓடும்போது வாங்கும் ஏற்பாட்டை ஆரம்பத்திலேயே தவிர்த்திருப்பேன். ரிமூவ்_2 என்று ஃபிரண்ட்எண்டில் முதன்முதலில் எழுதிய நாளில், 'இந்த 2 எங்கிருந்து வந்தது?' என்று கேட்டிருப்பேன். அந்த நிரல் மாற்றத்தைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தவன் நான்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மின்னஞ்சல். டிரைவர்களுக்கான மொபைல் செயலியை வெளியே ஒரு குழு எழுதுகிறது. அவர்கள் வரையறையிலிருந்து நிரல் எழுதும் ஓப்பன்ஏபிஐ ஜெனரேட்டர் கருவியை வைத்துக் காட்லின் மொழியில் கிளையண்டை உருவாக்குகிறார்கள். அது டேக் (செயல்களின் குழுப்பெயர்) வாரியாக வேறு வேறு வகுப்புகளில் எழுதும். எண் நகர்ந்தால் அவர்களுக்குத் தவறான இடத்துக்குப் போகாது, அந்தப் பெயரில் மெத்தடே இல்லை என்று கம்பைல் நின்றுவிடும். நிகழ்வுக்கு ஏழு மாதம் முன்பு அது நடந்திருக்கிறது, மொபைலுக்கு மட்டும் பயன்படும் தேடல் செயல்களில். "சர்ச்_1 இப்போது சர்ச்_2 ஆகியிருக்கிறது, எங்கள் பக்கம் திருத்திக்கொண்டோம், உங்கள் தகவலுக்கு" என்று இரண்டு வரி எழுதியிருந்தார்கள். குழுவின் பொது முகவரிக்கு வந்தது. நான்கு பேர் திறந்து படித்திருக்கிறோம். யாரும் பதில் எழுதவில்லை.

பெயர் மாற்றம் முடிந்த அன்று மாலை அந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதினேன். நடந்ததைச் சொல்லி, 74 செயல்களின் பழைய பெயரையும் புதிய பெயரையும் ஒரு அட்டவணையாக இணைத்து அனுப்பினேன். அவர்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் இப்போது சப்போர்ட் டிக்கெட்டாகவே பதிவாகிறது.